பெருவிரலுக்குப் பக்கத்தில் என் பெயர்

1

எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைதான் என்னுடையது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு கீரை ஆய்வேன், பேத்திகளின் சட்டைக்குப் பொத்தான் தைப்பேன். பேத்திகள் படியில் ஏறி இறங்கும்போது அவர்களுக்குள் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ பேசிச் சிரிப்பார்கள். என்னைத் தாண்டும்போது மட்டும் "ஆச்சி" என்று ஒரு சொல் தமிழில் விழும். அதுவும் தமிழ்தானா என்று எனக்குச் சந்தேகம். சிங்களத்திலும் கிழவிக்கு ஆச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

வேம்பாரிலிருந்து நான் இங்கே வந்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது. அப்போது தூத்துக்குடியில் படகேறி, தூரக் கடலில் நின்ற கப்பலுக்குப் போய், ஒரு ராத்திரி போனால் கொழும்பு. அவ்வளவு பக்கம். இப்போது தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிவிட்டார்கள், பெரிய கப்பலெல்லாம் கரையிலேயே அணைகிறது என்று என் தம்பி மகள் செல்வி எழுதியிருந்தாள். கப்பல் கரைக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக வழியில்லை. இங்கிருந்து போனால் திரும்பி வர விடுவார்களா என்று தெரியாது. அங்கே போய் இருக்கவும் இடம் இல்லை. அம்மா இல்லை, தம்பி இல்லை. வீட்டை விற்றாகிவிட்டது.

இந்தப் பத்திரிகையில் கடல் கடந்து இருப்பவர்கள் எழுதுவதை நான் விடாமல் வாசிப்பேன். டாக்டர்மார் எழுதுகிறார்கள், வாத்தியார்மார் எழுதுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுதலாமா என்று ஆறு மாதம் யோசித்தேன். நான் வாசிப்பேன் என்பதே போன வருடம்வரை என் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

2

என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் முடிந்து, மாதா கோயிலில் ஆண்டுப் பூசை வைத்தோம். மறுநாள் கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. இங்கே ஆபீசைக் கந்தோர் என்பார்கள். என் மகன் சவரிமுத்துவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. எனக்கும் அவருக்கும் கிடைக்கவில்லை. நாங்கள் இந்தியா பாஸ்போர்ட்டில், அவ்வப்போது அனுமதி வாங்கி இருந்து வந்தோம். அந்த அனுமதி மாதக் கடைசியோடு முடிகிறது, பழைய பைல்களைப் புதிதாகச் சரிபார்க்கிறார்கள், நேரில் வரவேண்டும் என்று கடிதம் சொன்னது.

சவரி வாசித்துவிட்டு, "ஒண்ணுமில்லை அம்மா, வழக்கம்போல கைநாட்டுத்தான். நான் லீவு போடுறேன்" என்றான்.

"சரிலே" என்றேன்.

எனக்குக் கைநாட்டுப் பெண்பிள்ளை என்று பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

வேம்பாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்தேன். அப்பா கடலுக்குப் போனவர் வரவில்லை. அதன் பிறகு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் தண்ணீர் வற்றி, மேலே பால் ஆடை மாதிரி உப்பு படரும் நேரத்தில் அதில் கை படக்கூடாது. எனக்குப் பதின்மூன்று வயது. வெள்ளையாக, சிலேட்டைவிடப் பெரிதாக அது விரிந்து கிடந்தால் கை சும்மா இருக்குமா. ஓரத்தில் விரலால் 'இஞ்ஞாசியம்மாள்' என்று என் பெயரை எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் எழுத்து அப்படியே இறுகி நிற்கிறது.

கங்காணி வந்து கத்தினார். "ஏளா, எவ இதுல கிறுக்குனது? பாத்திய கெடுத்துப்போட்டியளே. சொல்லுங்க, எவ?"

என் பெயர்தான் அங்கே எழுதியிருக்கிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நின்ற எட்டுப் பெண்களில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் தலையைக் குனிந்து நின்றேன். "ஊமைக்கொட்டானுவளா, எல்லாவளும் சேந்து இந்தப் பாத்திய மறுபடி வாருங்க" என்று விட்டார். எல்லோரும் வெயிலில் வாரினோம். பக்கத்தில் வாரிய அக்கா ஒருத்தி, "கிறுக்குனவ கை வெளங்காம போவ" என்று முனகிக்கொண்டே வாரினாள். அவளுக்கு முன்னால் நான் வாரிக்கொண்டிருந்தேன்.

அப்போதிலிருந்தே என் குணம் அதுதான். கேட்டால் வாய் வராது.

3

கல்யாணமாகி வந்த புதிதில், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவர் சொன்னார். "நான் எழுதட்டுமா" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கடையில் அவரோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சியைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார். "சொல்லுளா, அண்ணாச்சி எழுதுவாரு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காக ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி. நான் சொன்னேன், அண்ணாச்சி எழுதினார். என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு எழுதத் தெரியும் என்று அதன் பிறகு எப்படிச் சொல்வது.

பிறகு சவரி வளர்ந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், நானும் அவனும் ஒரு மேசையில் உட்காருவோம். நான் சொல்வேன், அவன் எழுதுவான். அவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலை நரைத்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் அவன் எனக்குப் பக்கத்தில் இருப்பான்.

கைநாட்டு வந்தது, இரண்டு நாடும் சுதந்திரம் அடைந்து, கடலைத் தாண்டத் தாள் வேண்டும் என்று ஆன பிறகு. அவரும் நானும் கந்தோருக்குப் போனோம். பெரிய வரிசை. மேசைக்காரர் முதலில் அவரைக் கூப்பிட்டு, "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டார். அவர் இடது பெருவிரலை நீட்டினார். வீட்டில் ஒரு நாளும் குனியாத மனுஷன் மேசைக்கு மேல் குனிந்து நின்றதைப் பார்த்தேன். அடுத்தது நான். மேசைக்காரர் என்னிடம் கேட்கவே இல்லை. மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். பேனா அங்கேதான் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் பக்கத்தில் நின்று விரலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் விரலை நீட்டினேன்.

என் விரலில் ரேகை விழவில்லை. உப்பளத்தில் தேய்ந்தது தேய்ந்ததுதான். கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் விழுந்தது. மேசைக்காரர் அலுத்துப்போய், "போதும், போ" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று, தன் வேட்டி நுனியால் என் விரலை அவர் துடைத்துவிட்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஏளா, ஒனக்கு எழுதத் தெரியும்லா? பள்ளிக்கூடம் போனவன்னு ஒங்க அம்மா சொன்னாளே."

"அது அப்பம். இப்பம் மறந்துபோச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு சாகிறவரைக்கும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கோயிலில் பூசைப் புத்தகத்தைத் திறப்பதை விட்டுவிட்டேன். மடியில் மூடியபடி வைத்திருப்பேன். பத்திரிகையை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு எடுத்துப் பார்ப்பேன். அவர் போன பிறகுதான், பகலில் தனியாக இருக்கும்போது, பேத்திகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். கோடு கோணிக்கொண்டு போனது. ஆனால் எழுத்து போகவில்லை.

4

கந்தோரில் எங்களை விசாரித்தவர் சின்ன வயசுக்காரர். இங்கே இப்படிப்பட்டவர்களை மாத்தயா என்று கூப்பிட வேண்டும். கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். என் பைலைத் திறந்து பழைய தாளைப் பார்த்தார். அதில் அந்தக் கறுப்புப் பொட்டு. என் விரலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மை தடவி, புதுத் தாளில் அவரே பிடித்து அழுத்தினார். இன்னொரு பொட்டு. மறுபடி துடைத்து அழுத்தினார். மறுபடியும் பொட்டு. இரண்டு பொட்டையும் பழைய பொட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சவரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

சவரி தலையாட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு எனக்குச் சொன்னான்: "ரேகை இல்லாட்டி இந்தப் பைல்ல இருக்கிறது நீங்கதான் எண்டு எப்படிச் சொல்றது எண்டு கேக்கிறார். அந்தக் காலத்திலயே உங்களைத் தெரிஞ்ச ரெண்டு சாட்சியைக் கூட்டி வரட்டாம். மாத முடிவுக்குள்ள. இல்லாட்டி நீட்ட ஏலாதாம்."

"நீட்டலன்னா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க ஊருக்குப் போகவேண்டி வரும்."

அந்தக் காலத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் கல்லறையில் இருந்தார்கள். மேசையில் பேனா கிடந்தது.

"ஏல சவரி, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு சொல்லு."

"அம்மா, இப்ப பகிடி விடாதீங்கோ."

"வெளையாட்டு இல்லலே. சொல்லு."

அவன் மாத்தயாவிடம் ஏதோ சொன்னான். எனக்குத் தெரிந்த சிங்களம் பாண் வரிசைச் சிங்களம். பாண் என்றால் ரொட்டி. இப்போதெல்லாம் விடியும் முன்னே போய் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அங்கே நின்று நின்று கற்றது. சவரி என்ன சொன்னான் என்பது புரிந்துவிட்டது. வயசானவங்க, ஏதாவது பேசுவாங்க, குறை நினைக்காதீங்க என்று சொன்னான். மாத்தயாவும் சிரித்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு அது சொல்ல வராது போலிருந்தது.

"மாத்தயா, மம லியனவா" என்றேன். நான் எழுதுவேன் என்று அர்த்தம்.

சிரிப்பு நின்றது. அவர் பைலை என் பக்கம் திருப்பி, பழைய தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்து, மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டார். எழுதத் தெரியாது என்று இங்கே போட்டிருக்கிறது. உனக்கு எழுதத் தெரியும் என்றால் இந்தப் பெண் யார்?

சவரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாத்தீங்களா? இப்ப வேற ஆள் எண்டு முடிவு பண்ணிடுவார். சும்மா இருந்திருக்கலாம்."

அது உண்மைதான். சும்மா இருந்தால் சாட்சி தேடியிருக்கலாம். இப்போது அந்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லும் அளவுக்குச் சிங்களம்தான் இல்லை.

"ஏல, நான் சொல்லுதத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காத, கூட்டாத."

சொன்னேன். "என் வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாது. அவரு எனக்கு முன்னால கைநாட்டு வச்சாரு. அவரு பாக்க நான் பேனாவ எடுக்க முடியல. அதனால நானும் வெரல நீட்டுனேன். எழுதத் தெரியுமான்னு அந்த மேசைக்காரரும் கேக்கல, நானும் சொல்லல. பொய் சொன்னது அவ்வளவுதான். ஆளு நான்தான்."

சவரி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். இரண்டாவது வாக்கியத்திலேயே அவன் குரல் இறங்கிவிட்டது. தன் அப்பாவைப் பற்றி ஒரு வேற்று மனுஷரிடம் அதைச் சொல்லவேண்டி வந்தது அவனுக்கு. எனக்காகச் சொன்னான்.

மாத்தயா பைலைப் புரட்டினார். அடுத்த தாள் என் வீட்டுக்காரருடையது. அவருடைய பெருவிரல் ரேகை அதில் விழுந்திருந்தது. ஒரு கோடு விடாமல், தண்ணீரில் கல் போட்டால் வருமே, அந்த மாதிரி வளையம் வளையமாக. என் கறுப்புப் பொட்டுக்கு அடுத்த பக்கத்தில் இத்தனை வருடமாக அது இருந்திருக்கிறது. அவர் கைப்பட எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். மாத்தயா தடுக்கவில்லை.

பிறகு பேனாவை நீட்டினார்.

'இஞ்ஞாசியம்மாள்' என்று எழுதினேன். அவசரப்படவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளை ஒரு தடவை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சவரியிடம் இது இவங்க பெயர்தானா என்று கேட்டார். அந்தக் கங்காணி நினைவுக்கு வந்தார். அன்றைக்குப் பெயர் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. இன்றைக்குச் சவரி தாளை வாங்கிப் பார்த்தான். நாற்பத்துமூன்று வயதில் தன் அம்மாவின் எழுத்தை முதல் தடவையாகப் பார்க்கிறான். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு, "ஆமா" என்றான்.

பக்கத்தில் பெருவிரலையும் வைக்கச் சொன்னார் மாத்தயா. வைத்தேன். அதற்குக் கீழே அவர் நாலைந்து வரி எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. ஒரு வருடம் நீட்டியிருந்தார்கள்.

5

கந்தோரிலிருந்து பஸ்ஸில் வந்தோம். வீட்டில் சவரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஒரு தடவ கேட்டாரு. மறந்துபோச்சுன்னேன்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

"நான் இத்தனை வருஷமா காயிதம் எழுதினேனே. நீங்க பக்கத்தில இருந்து வாசிச்சிக்கிட்டே இருந்தீங்களா?"

"வாசிச்சேன்."

"நான் சொந்தமா சேத்து எழுதுறதையும்?"

"மழை பெய்யுதான்னு நான் கேக்கச் சொன்னா, இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடத்து நலமறிய ஆவல்னு எழுதுவ. நல்லாத்தான் இருக்கும்."

அவன் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்தவன், "இனி நீங்களே எழுதலாம்தானே அம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்கிற மாதிரிதான் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேசையில் போய் உட்கார்ந்தேன். அவன் மாடிக்குப் போய்விட்டான். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. கந்தோரில் அந்தப் பேனாவைக் கேட்டபோது இதை நான் யோசிக்கவில்லை.

6

அன்றைக்குச் செல்விக்கு நானே கடிதம் எழுதினேன். நலமறிய ஆவல் எல்லாம் போடவில்லை. மழை பெய்ததா, உப்பு எடுப்பு ஆரம்பித்துவிட்டதா, உன் அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா என்று கேட்டிருந்தேன். பாணுக்கு வரிசையில் நின்றபோது ஒரு கிழவி எனக்கு இடம் விட்டதை எழுதினேன். இங்கே பகலில் சத்தமே இல்லை என்று எழுதினேன். அதை அடிக்க நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. சவரி பெயருக்கு வந்திருந்தது.

"அன்புள்ள அத்தான், அத்தை பெயரில் ஒரு கடிதம் வந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை. உங்கள் எழுத்தும் இல்லை, அத்தை பேசுகிற மாதிரியும் இல்லை. அத்தைக்கு எழுதத் தெரியாதே. அம்மா பயந்துபோய் இருக்கிறாள். அத்தை நன்றாக இருக்கிறார்களா? அடுத்த கடிதத்தைத் தயவுசெய்து நீங்களே எழுதவும்."

அத்தை பேசுகிற மாதிரி இல்லையாம். செல்விக்கு விவரம் தெரிந்த நாள் முதல் சவரியின் 'அனைவரும் நலம்'தான் அத்தை. நான் பள்ளிக்கூடம் போனதைப் பார்த்த கண் வேம்பாரில் இப்போது ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரி பேனாவை எடுத்துக்கொண்டு கீழே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, சொல்லுங்கோ. ரெண்டு வரி எழுதிவிட்டா அவங்க பயம் தெளிஞ்சிடும்."

அவன் தலைமயிரில் எண்ணெய் வாசனை வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அடுத்த வாரமும் கிடைத்திருக்கும்.

"வேண்டாம்லே. நானே எழுதுதேன்."

"அவங்க நம்ப மாட்டாங்க அம்மா."

"நம்புற வரைக்கும் எழுதுதேன்."

பேனாவை என் பக்கமாக வைத்துவிட்டு எழுந்து போனான்.

மூன்று கடிதம் போட்டுவிட்டேன். செல்வியிடமிருந்து பதில் இல்லை. அவள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதையும் எழுதினேன். செல்வி, உன் அப்பா என் தம்பி. அவனுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தது நான். வீட்டுக்குப் பின்னால் ஈர மணலில், விரலைப் பிடித்து எழுத வைத்தேன். அவன் அதை உனக்குச் சொல்லாமல் போயிருக்கலாம்.

கீழே கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆனால் அச்சுக்கோத்துப் போட்டால் எல்லோர் எழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் கையெழுத்து உங்கள் கைக்கு வந்து சேராது. இதை எழுதியது நான்தான் என்பதற்கு நான் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. கந்தோரில் அன்றைக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

இஞ்ஞாசியம்மாள்